படம் எங்கே கெட்டது என்று பாருங்கள், அப்புறம் கேமரா வாங்கலாம்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் கேட்டிருக்கிறார். 2017இல் வாங்கிய கேனான் 1300டி, கூட வந்த 18-55, 55-250 லென்ஸ்கள் அவரிடம் இருக்கின்றன. கோயில், திருவிழா, வயல் வேலை, வடுவூர் ஏரிப் பறவைகள் என்று விடுமுறை நாட்களில் எடுக்கிறார். ஏப்ரலில் அக்கா மகளுக்கு அரங்கேற்றம். இருட்டில் படம் புள்ளி புள்ளியாக வருகிறது, பறவை கூர்மையாக விழுவதில்லை என்பது அவர் குறை. பெரிய சென்சார் உள்ள, உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத ‘ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ்’ கேமராவுக்குப் போய்விடுங்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஒரு லட்சம் வரை செலவழிக்கலாம், என்ன வாங்கலாம் என்கிறார்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். ஃபுல் ஃப்ரேம் உங்களுக்கு இப்போது வேண்டாம். அதிக வெளிச்சத்தை உள்ளே விடும் ஒரு 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் வாங்குங்கள், அரங்கேற்றத்துக்கு அது போதும். அதற்குப் பிறகும் பறவை ஆசை குறையவில்லை என்றால் கேனான் ஆர்10 மாதிரி, உங்கள் 1300டியில் இருப்பதைப் போன்ற சின்ன ‘கிராப்’ சென்சார் உள்ள மிரர்லெஸ் ஒன்றுக்குப் போகலாம். ஏன் இந்த வரிசை என்று விளக்குகிறேன்.

கடைக்குப் போகும் முன் ஒரு ஞாயிறு மதியம் உட்கார்ந்து, கடந்த ஒரு வருடத்தில் எடுத்துப் பிடிக்காமல் போன படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து வையுங்கள். நல்ல படங்கள் வேண்டாம், கெட்டதுதான் வேண்டும். ஒவ்வொன்றிலும் ஷட்டர் வேகம் (எத்தனை நொடி திறந்திருந்தது), எஃப் எண் (லென்ஸ் எவ்வளவு திறந்தது, எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம்), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக்கொண்டது, ஏற ஏறப் புள்ளி வரும்), எத்தனை மி.மீ. (லென்ஸ் எவ்வளவு கிட்டே இழுத்தது) என்ற விவரம் பதிவாகியிருக்கும். ஷட்டர் 1/30, ஆள் மட்டும் கலங்கி, பின்னால் இருக்கும் தூண் தெளிவாக இருந்தால் அசைந்தது அவர். படம் முழுக்க ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் அசைந்தது உங்கள் கை. பறவை மங்கலாகவும் அதற்கு முன்னால் உள்ள கோரைப்புல் தெளிவாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. எல்லாம் சரியாக இருந்து பறவை மட்டும் கடுகளவு தெரிந்தால் தூரம் அதிகம். ஐஎஸ்ஓ 6400 என்று இருந்தால் வெளிச்சம் போதவில்லை. ‘படம் சரியில்லை’ என்று ஒரே பேச்சில் சொல்லிவிடுகிறோம், ஆனால் இவை ஐந்தும் வெவ்வேறு கோளாறுகள். புது பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா மட்டும், இவற்றில் ஒன்றரைக்குத்தான் பதில் சொல்லும். ஃபோகஸ் முழுசாக, வெளிச்சம் பாதி.

கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயில் மண்டபத்துக்குள் நிற்கிறீர்கள். தூணில் இருக்கும் சிற்பம் எங்கேயும் போகப்போவதில்லை. கேமராவை ஆட்டோவில் விட்டால் அது பயந்துபோய் ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றிவிடும், புள்ளி வரும். அதற்குப் பதில் உங்கள் 18-55இல் உள்ள, கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஐஎஸ் பொத்தான் இயங்குகிறதா என்று பாருங்கள். 18 மி.மீ.யில் வைத்து, முதுகைச் சுவரிலோ தோளை இன்னொரு தூணிலோ சாய்த்து, மூச்சை விட்டு நிறுத்தி, 1/15 நொடியில் நாலைந்து தொடர்ச்சியாக எடுங்கள். ஒன்றாவது ஊசி மாதிரி வந்திருக்கும். 1/125, ஐஎஸ்ஓ 3200 என்று எடுத்த அதே படம் இப்போது ஐஎஸ்ஓ 400இல் கிடைக்கிறது. எட்டு மடங்கு வெளிச்சம், செலவு எதுவும் இல்லை. முக்காலி யோசனை வேண்டாம். பெரிய கோயில், தாராசுரம் இரண்டும் மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பவை, முக்காலி வைக்க முன் அனுமதி தேவை. கருவறையில் எந்தக் கேமராவும் கூடாது.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தி நேரத்தில் கோபுரம், தெப்பக்குளம் மாதிரி அசையாத, அகலமான காட்சிகளில் இன்றைய நல்ல மொபைல் உங்கள் 1300டியைத் தோற்கடித்துவிடும். அது ஒரே அழுத்தலில் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. அந்த வேலைக்கு மொபைலையே பயன்படுத்துங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கேமராவுக்குக் காசு போடுவது மொபைல் திணறும் இடங்களுக்குத்தான். உங்கள் பட்டியலில் அப்படி இரண்டு இருக்கின்றன, நடனமும் பறவையும்.

நடனத்தில் ஆள் அசைகிறார், ஐஎஸ் உதவாது. ஷட்டர் குறைந்தது 1/250 வேண்டும். சாதாரண சபா மேடையில், உங்கள் 18-55ஐ 55 மி.மீ.க்கு நீட்டினால் அது எஃப்/5.6க்கு மேல் திறக்காது. அங்கே 1/250க்கு ஐஎஸ்ஓ 6400 கேட்கும் என்று வைத்துக்கொள்வோம். 1300டியின் சாதாரண உச்சவரம்பே அவ்வளவுதான். அதே இடத்தில் 50 எஃப்/1.8ஐ எஃப்/2இல் வைத்தால் ஐஎஸ்ஓ 800 போதும். இப்போது நண்பர்கள் சொல்லும் ஃபுல் ஃப்ரேமைப் பாருங்கள். அதன் சென்சார் பரப்பு உங்களுடையதைப் போல் இரண்டரை மடங்கு, ஆதாயமும் ஏறக்குறைய அதே இரண்டரை மடங்கு வெளிச்சம். கேனான் ஆர்8ஓடு விற்கும் 24-50 லென்ஸ் எஃப்/4.5-6.3. லட்சத்தைத் தாண்டிச் செலவழித்து அந்த லென்ஸோடு முன்வரிசையில் நீங்கள் உட்கார்ந்தால், பத்தாயிரத்தை ஒட்டிய விலையில் கிடைக்கும் 50 எஃப்/1.8 எஸ்டிஎம்மை (எஸ்டிஎம் என்பது ஃபோகஸ் மோட்டாரின் வகை) பழைய பாடியில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் உங்களைவிட நல்ல படம் எடுத்துக்கொண்டு போவார்.

50 மி.மீ. உங்கள் கேமராவின் சின்ன சென்சாரில், ஃபுல் ஃப்ரேமில் 80 மி.மீ. லென்ஸ் தரும் பார்வையைத் தரும். இருபது அடி தூரத்திலிருந்து கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் ஏறக்குறைய ஒன்பது அடி உயரம் சட்டத்துக்குள் வரும். பெண் கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும் விரல் வெட்டுப்படாது, சலங்கையும் உள்ளே இருக்கும். அதனால் உட்காரும் இடத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தாய்மாமா என்பதால் முன்வரிசை கிடைக்கும், ஆனால் நட்டுவாங்கம் செய்பவர் (தாளம் தட்டி ஜதி சொல்பவர்) பக்கம் வேண்டாம், எதிர்ப்பக்கம் பாருங்கள். நடுவில் உட்கார்ந்தால் மைக் ஸ்டாண்டு ஏதாவது குறுக்கே வந்து நிற்கும்.

எடுக்கும்போது எல்லா அசைவையும் துரத்தாதீர்கள். 1300டி நொடிக்கு மூன்று படம்தான் எடுக்கும். ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் கோப்பு) ஆறேழு எடுத்ததும் மூச்சு வாங்க நின்றுவிடும். கோர்வை முடிந்து தீர்மானம் (ஜதித் தொடரின் முத்தாய்ப்பு) விழும் இடத்தில் உடல் ஒரு கணம் அப்படியே நிற்கும், கண்ணும் கையும் ஒரே இடத்துக்கு வரும். ஜதி தெரிந்தவர்களுக்கு அது அரை நொடி முன்னாலேயே தெரிந்துவிடும். ஒத்திகைக்கு இரண்டு முறை போய் உட்கார்ந்தால் உங்களுக்கும் தெரிந்துவிடும். வர்ணம் என்ற நீண்ட உருப்படியில் இப்படிப்பட்ட இடங்கள் நிறைய வரும். பின்திரை கறுப்பாக இருந்தால் கேமரா குழம்பிப்போய் முகத்தை வெளுக்க அடித்துவிடும். மேனுவலில் வைத்து, ஒத்திகை விளக்கிலேயே முகத்துக்குச் சரியாக வரும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டாயம் ரா ஃபைலில் எடுங்கள். சிவப்பும் ஊதாவுமாக எல்ஈடி விளக்குகள் முகத்தில் அடிக்கும்போது ஜேபெக்கில் திருத்த ஒன்றும் மிஞ்சாது.

அந்த எல்ஈடியில் இன்னொரு வம்பு உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, ஷட்டருக்குத் தெரியும். 1/250இல் வரிசையாக எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரலாம், நிறமும் மாறலாம். அப்படி வந்தால் அசையாத அபிநயக் கட்டங்களில் 1/100க்கு இறங்கிவிடுங்கள். நாளைக்கு மிரர்லெஸ் வாங்கினாலும் இதை மறக்க வேண்டாம். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் கச்சேரிக்கு வசதியாகத் தோன்றும், ஆனால் இப்படிப்பட்ட விளக்கின் கீழ் படத்தில் குறுக்குப் பட்டைகள் விழுந்துவிடும். திருவையாறு ஆராதனைப் பந்தலில் எடுப்பதானாலும் இதே எச்சரிக்கைதான்.

இதே 50 மி.மீ. உங்களுக்கு இன்னும் பல கதவுகளைத் திறந்துவிடும். சுவாமிமலையில் ஸ்தபதிகளின் பட்டறை, திருபுவனத்தில் பட்டுத்தறி, நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்க்கும் இடம் எல்லாமே ஒரு ஜன்னல் வெளிச்சத்தில் இயங்குபவை. அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். மெழுகில் விரல் நுனியால் சுவாமியின் காது மடலைத் திருத்துகிற கட்டத்தை எஃப்/2.8இல் எடுத்தால் விரலும் காதும் தெளிவாக, பட்டறையின் மற்ற சாமான்கள் கரைந்து போகும். உருகிய உலோகம் ஊற்றும்போது மட்டும் கவனம். அந்தத் தாரை மற்ற எல்லாவற்றையும்விடப் பல மடங்கு பிரகாசம். அது வெளுத்துப்போகாத அளவுக்குக் குறைத்து எடுத்துவிட்டு, நிழல் பகுதியை அப்புறம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம். ஆறடி தள்ளி நில்லுங்கள், ரப்பர் செருப்போடு போகாதீர்கள்.

ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் புள்ளி விழுந்த படங்களையும் தூக்கிப்போட வேண்டாம். ரா ஃபைல் இருந்தால் புதிய மென்பொருள்கள் புள்ளியைத் துடைத்து எடுக்கும் விதம் ஆச்சரியமாக இருக்கும். லைட்ரூமில் அந்த வசதி 2023இல் வந்தது. சந்தா கட்ட மனமில்லை என்றால் கேனானின் சொந்த மென்பொருளும் டார்க்டேபிளும் இலவசம். ஜேபெக் மட்டும்தான் இருக்கிறது என்றால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

தேர், கோபுரம் எடுக்க அகல லென்ஸ் வேண்டுமா என்று கேட்பீர்கள். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி. கேமராவை நிமிர்த்தி 18 மி.மீ.யில் முழுத் தேரும் அடங்க, கணக்குப்படி ஏறக்குறைய 80 அடி தள்ளி நிற்க வேண்டும், அந்தக் கூட்டத்தில் அது நடக்காது. கேனானின் 10-18 லென்ஸில் 45 அடி போதும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கோ அது தேவையே இல்லை, பிராகாரம் அவ்வளவு விசாலம், பின்னால் போகப் போக இடம் இருக்கிறது. அங்கே முக்கியம் நேரம்தான். கோயில் கிழக்கு பார்த்தது. காலையில் நந்தி மண்டபப் பக்கம் வெளிச்சம், மாலையில் விமானத்தின் பின்புறம். மதியம் பன்னிரண்டு மணிக்கு எந்தக் கேமராவாலும் அந்தக் கல்லைக் காப்பாற்ற முடியாது.

சரி, பறவைக்கு வருவோம். பாடியை மாற்ற நியாயமான காரணம் இருப்பது இங்கேதான்.

1300டியில் ஃபோகஸ் புள்ளிகள் ஒன்பது. அதில் நடுவில் இருப்பது மட்டும்தான் நம்பகமானது. பறக்கும் நத்தைக்குத்தி நாரையை அந்த ஒற்றைப் புள்ளியில் வைத்துக்கொண்டே பின்தொடர்வது, அதையும் நொடிக்கு மூன்று படத்தில் பிடிப்பது, பயிற்சியால் ஓரளவு வரும், முழுக்க வராது. ஆர்10 மாதிரிப் புதிய பாடி பறவையைத் தானே அடையாளம் கண்டு, கண்ணைப் பிடித்துக்கொண்டு போகும், நொடிக்குப் பதினைந்து படம் எடுக்கும். இது விளம்பர வார்த்தை இல்லை. கோரைக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் நீலத் தாழைக்கோழியைப் பழைய கேமராவில் எடுத்துப் பழகியவர்களுக்கு முதல் நாளிலேயே வித்தியாசம் தெரியும். எலக்ட்ரானிக் ஷட்டரில் மட்டும் பறக்கும் பறவையை எடுக்காதீர்கள். ஆர்10 சென்சார் மேலிருந்து கீழாகப் படிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் இறக்கை வளைந்து போயிருக்கும்.

ஃபுல் ஃப்ரேம் ஏன் வேண்டாம் என்றேன் என்பதற்கு முக்கியமான காரணமும் இங்கேதான் இருக்கிறது. உங்கள் 18-55, 55-250 இரண்டும் ஈஎஃப்-எஸ் வகை, சின்ன சென்சாருக்காகச் செய்தவை. ஆர்8இல் அடாப்டர் வைத்து மாட்டினால் மாட்டிக்கொள்ளும், ஆனால் கேமரா நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும். 24 மெகாபிக்சல் கேமரா வாங்கிவிட்டு 9 மெகாபிக்சல் படம் பார்ப்பீர்கள். இப்போது இருக்கும் 18இல் பாதி. விற்பவர்கள் இதைத் தாமாகச் சொல்வது அபூர்வம். ஆர்10இல் அதே லென்ஸ்கள், அதே அடாப்டரில், முழு 24 மெகாபிக்சலோடு வேலை செய்யும். அடாப்டருக்குள் கண்ணாடி எதுவும் கிடையாது, அது வெறும் இணைப்பு வளையம், படத்தின் தரம் குறையாது. இன்று வாங்கும் 50 மி.மீ.யும் அப்படியே கூட வரும். அதனால்தான் அதை முதலில் வாங்கச் சொல்கிறேன். உங்கள் கேமராவில் ஏறும் ஈஎஃப் வகையையே வாங்குங்கள். மிரர்லெஸ்ஸுக்கான ஆர்எஃப் என்று எழுதியிருக்கும் புதிய 50 உங்கள் 1300டியில் ஏறவே ஏறாது.

ஆனால் பாடியை மாற்றினால் தூரம் குறையாது. 250 மி.மீ. உங்கள் கேமராவில் 400 மி.மீ. பார்வை. வடுவூர் கரையில் நின்று ஏரி நடுவில் இருக்கும் பறவைக்கு அது போதாது. கேனான் ஆர்எஃப் 100-400 ஆர்10இல் 640 மி.மீ. பார்வை தரும், எடை 635 கிராம்தான், நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கும். அதன் குறை நீட்டின முனையில் எஃப்/8. காலை ஏழு மணி மேகமூட்டத்தில் ஐஎஸ்ஓ ஏறத்தான் செய்யும். சிக்மா 150-600 இன்னும் எட்டும், ஆனால் ஏறக்குறைய இரண்டு கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் நடந்து பார்த்தவர்கள் முக்காலி தேடுவார்கள், அப்புறம் முக்காலியையும் தூக்க ஆள் தேடுவார்கள். ஆர்எஃப் 100-400ஐயும் சேர்த்தால் உங்கள் ஒரு லட்சம் தாண்டிவிடும், அதனால் அது அடுத்த சீசனுக்கு. வலசைப் பறவைகள் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை இருக்கும், அவசரமில்லை.

லென்ஸ் எவ்வளவு நீளமானாலும் ஜெயிக்க முடியாத ஒன்று கானல். வெயில் ஏறியதும் தண்ணீருக்கு மேல் காற்று நெளியத் தொடங்கிவிடும், தூரத்துப் பறவை என்ன செய்தாலும் கூர்மையாக வராது. உங்கள் கெட்ட படங்களில் பத்து மணிக்கு மேல் எடுத்தவை எத்தனை என்று நேரத்தைப் பாருங்கள். அவற்றுக்குக் கேமராவைக் குறை சொல்ல முடியாது.

இப்போது இருக்கும் கருவியிலேயே பறவைப் படம் வேண்டும் என்றால் ஏரியை விட்டு வயலுக்கு வாருங்கள். ஜூனில் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்ததும் குறுவைக்குச் சேடை ஓட்டுவார்கள், அதாவது நடவுக்கு வயலைச் சேறாக்கி உழுவார்கள். அந்த டிராக்டருக்குப் பின்னாலேயே கொக்கும் மடையானும் மைனாவும் வரிசையாக வரும், சில வயல்களில் அரிவாள்மூக்கனும். நடந்து போகும் ஆளுக்குப் பயப்படுகிற கொக்கு டிராக்டருக்குப் பயப்படாது. வரப்பில் குந்தி உட்கார்ந்து அசையாமல் இருந்தால், டிராக்டர் திரும்பி வரும்போது முப்பது அடிக்குள் வந்துவிடும், 250 மி.மீ. தாராளம். நடுப்புள்ளி மட்டும், ஏஐ சர்வோ (அசையும் பொருளை விடாமல் ஃபோகஸ் செய்யும் முறை), 1/1600. வெள்ளைக் கொக்கு கறுப்புச் சேற்றின் மேல் நிற்கும்போது கேமரா சேற்றைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இறகெல்லாம் சுண்ணாம்பு அடித்தது போலாகிவிடும். எக்ஸ்போஷர் ஈடுகட்டலை மைனஸ் ஒன்றில் வையுங்கள், இறகின் வரிகள் திரும்பி வரும். உங்கள் 55-250 முதல் தொகுப்பில் வந்த ஐஎஸ் 2 என்றால் ஃபோகஸ் மந்தமாகத்தான் இருக்கும். அதே 55-250இல் எஸ்டிஎம் என்று எழுதியது வேகமாகவும் கூர்மையாகவும் இருக்கும், செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம்.

1300டி மாதிரி உள்ளே கண்ணாடி வைத்த இன்னொரு டிஎஸ்எல்ஆரே மலிவாகக் கிடைக்கிறதே என்றால், கிடைக்கிறது, அதுவும் நல்ல வழிதான். கேனானும் நிக்கானும் 2020க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் எதுவும் வெளியிடவில்லை, அதனால் பழையவை விலை இறங்கிக்கொண்டே போகிறது. படம் எடுப்பதற்கு அது தடையில்லை. ஆனால் உங்கள் குறை பறவை ஃபோகஸ் என்பதால் ஒரு டிஎஸ்எல்ஆரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில் எனக்கு உற்சாகம் இல்லை. சோனி, நிக்கான், ஃபுஜி பக்கம் போகலாமா? லென்ஸ் எதுவும் இல்லாமல் புதிதாகத் தொடங்குபவராக இருந்தால் சோனிக்கும் ஃபுஜிக்கும் சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் நிறைய உண்டு என்று சொல்லியிருப்பேன். கேனானின் கிராப் மிரர்லெஸ்ஸுக்கும் 2024இலிருந்து அந்த இரு நிறுவனங்களும் லென்ஸ் செய்யத் தொடங்கிவிட்டன. கையில் மூன்று கேனான் லென்ஸ் வைத்துக்கொண்டு வீடு மாற வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதானால் நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து மொபைல் டார்ச்சை அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய கிளைகள் தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். இரண்டொரு தூசி பரவாயில்லை. பாடியில் எஃப்/16 வைத்து வெளுத்த வானத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நகராத கறுப்புப் புள்ளி தூசியாக இருந்தால் சுத்தம் செய்யலாம், கீறலாக இருந்தால் முடியாது. நிக்கானில் எத்தனை தடவை ஷட்டர் அடித்தது என்பது படத்தின் விவரத்திலேயே இருக்கும். கேனானின் பெரும்பாலான மாடல்களில் அப்படி இருக்காது, அதனால் பிடிமான ரப்பரும் பொத்தான் எழுத்தும் தேய்ந்திருப்பதைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். கல்யாண வீடுகளுக்குப் போய் வந்த பாடி பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருக்கும், மெமரி கார்டு மூடியின் கீல் தளர்ந்திருப்பது காட்டிக்கொடுத்துவிடும். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்றும் பாருங்கள்.

பூஞ்சையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பகுதியில் கேமரா சாவது பெரும்பாலும் உழைத்துத் தேய்ந்து இல்லை, பீரோவுக்குள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீட்டுக்குள்ளேயே ஈரம் நிற்கும். அறுபது, எழுபது சதவீத ஈரப்பதத்துக்கு மேல் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தால் கண்ணாடியில் பூஞ்சை வேர்பிடிக்கும். கேமராவோடு வந்த துணிப்பையோ தோல்பையோ ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதில் வைத்து மூடி வைப்பதைப் போல் கெடுதல் இல்லை. ரப்பர் விளிம்பு உள்ள காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்று, இவ்வளவு போதும். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் சரி. ஜெல் பச்சையானதும் அதற்கென்றே வைத்த பாத்திரத்தில் மெதுவாகச் சூடாக்கினால் மறுபடி ஆரஞ்சாகும். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்வார்கள், தவிடும் தூசியும் உள்ளே போவதுதான் மிச்சம். வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து வெளிச்சத்தில் படமெடுப்பது எல்லாவற்றையும்விட நல்ல வைத்தியம்.

கோடியக்கரைக்குப் பூநாரை, வெளிமான் எடுக்கப் போகும்போது உப்புக் காற்று வேறு. திரும்பி வந்ததும் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் பாடியையும் லென்ஸ் வளையத்தையும் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். உப்பளத்து ஓரத்தில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறந்தால் கண்ணாடி வியர்த்துவிடும், அரைமணி நேரம் மூடியே வைத்திருங்கள். 1300டியோ ஆர்10ஓ மழையைத் தாங்கச் செய்தவை இல்லை, ஒரு ஷவர் கேப் பையில் கிடக்கட்டும்.

மெகாபிக்சல் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உங்கள் 18 மெகாபிக்சலில் 12க்கு 18 அங்குலப் படம் அச்சடித்தால் அங்குலத்துக்கு 288 புள்ளி வரும், ஹாலில் மாட்டிக் கிட்டே போய் மூக்கை வைத்துப் பார்த்தாலும் குறை தெரியாது.

பணத்தை இப்படிப் பிரியுங்கள். இந்த மாதம் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம், ஈரப்பதமானியோடு டப்பா, நல்ல வேகமுள்ள ஒரு மெமரி கார்டு. ஏப்ரல் அரங்கேற்றம் முடியட்டும். குறுவையில் கொக்கு, மழைக்காலம் முடிந்ததும் வடுவூர் என்று இருப்பதை வைத்தே எடுங்கள். அதற்குப் பிறகு கெட்ட படங்களை மறுபடி அடுக்கும்போது ஃபோகஸ் தவறியவைதான் அதிகம் என்றால் ஆர்10 பாடியும் அடாப்டரும் ஒரு கூடுதல் பேட்டரியும். மிரர்லெஸ்ஸில் பேட்டரி வேகமாகத் தீரும், ஒன்றை நம்பிக் கோடியக்கரைக்குப் போக முடியாது. தூரம்தான் அதிகம் என்றால் பாடியை விட்டுவிட்டு அந்தத் தொகையில் ஈஎஃப் வகை நீள லென்ஸ் ஒன்றை செகண்ட் ஹேண்டில் தேடுங்கள், அதுவும் பின்னால் ஆர்10இல் ஏறும்.

1300டியை விற்க வேண்டாம். இன்றைக்கு அதற்குக் கிடைக்கும் தொகை சொற்பம். 50 மி.மீ.யை அதிலேயே மாட்டி வைத்துவிட்டு, புதுப் பாடியில் நீள லென்ஸை விட்டுவைத்தால், சேற்றிலும் உப்புக் காற்றிலும் நின்று லென்ஸ் மாற்றும் வேலையே இருக்காது.